ஏரிச் சுவரில் பறவை வரையும் முன்

கேள்வி இதுதான்: "எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு ஏரி இருக்கிறது, கரையை ஒட்டி 200 அடி நீளத்துக்கு மதில் சுவர். அதில் பறவைகளை வரைந்தால் ஏரியில் குப்பை கொட்டுவது குறையுமா, மக்களுக்கு ஏரி மேல் அக்கறை வருமா, இல்லை வெறும் அழகுக்குத்தானா? செய்வதென்றால் எப்படிச் செய்வது?"

குறையும், ஆனால் நீங்கள் எதை வரைகிறீர்கள், யாரோடு சேர்ந்து வரைகிறீர்கள் என்பதைப் பொறுத்து. பதின்மூன்று வருடமாகச் சுவரில் வரைந்துகொண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை எண்ணிக்கொண்டும் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு படம் ஒரு இடத்தில் மனிதர்கள் நடந்துகொள்வதை மாற்றும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சந்து முனைச் சுவரில் சாமி படம் பதித்த டைல்ஸ் ஒட்டினால் அங்கே யாரும் சிறுநீர் கழிப்பதில்லை, அறிவிப்புப் பலகையும் தேவையில்லை, அபராதமும் தேவையில்லை. சாமி மேல் மரியாதை ஏற்கெனவே மனதில் இருக்கிறது, படம் அதை அந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஏரியில் நீந்துகிற நாமக்கோழி, முக்குளிப்பான் மாதிரிப் பறவைகள் மேல் அப்படி ஒரு மரியாதை இன்னும் நம்மிடம் இல்லை. அதனால் பறவைப் படத்துக்கு வேலை இரண்டு மடங்கு, முதலில் அறிமுகப்படுத்த வேண்டும், அப்புறம்தான் ஞாபகப்படுத்த முடியும்.

நாங்கள் முதன்முதலில் வரைந்த ஏரிச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தோற்றுப்போன வேலை. தென்சென்னைப் பக்கம் ஒரு சின்ன ஏரி. ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வாரம் வரைந்தோம், நீலத் தண்ணீர், வெள்ளை அன்னம், தோகை விரித்த மயில், ஓரத்தில் ஒரு பஞ்சவர்ணக்கிளி கூட இருந்தது. வந்தவர்கள் எல்லாம் நின்று செல்ஃபி எடுத்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது, எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வருடம் அதே ஏரியை "அழகுபடுத்தினார்கள்". கரையைச் சுற்றிக் கருங்கல் பதித்துச் சிமென்ட் பூசினார்கள், கரையோரம் வளர்ந்த சம்பும் கோரையும் மொத்தமாக வாரி எடுக்கப்பட்டன, நடைபாதைக்கு உயரமான விளக்குகள் போட்டார்கள். அதுவரை அங்கே இருந்த நீலத் தாழைக்கோழிகள் அந்த மழைக்காலத்துக்குப் பிறகு வரவில்லை. ஊரில் யாரும் எதிர்க்கவில்லை. ஏன் எதிர்ப்பார்கள்? நாங்கள் சுவரில் வரைந்து காட்டிய ஏரியும் அப்படித்தானே இருந்தது, செடியே இல்லாத நீலத் தண்ணீர்! அந்த வேலையைக் கேட்பதற்கு எங்கள் படமே ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது முக்கியமாக ஒன்றுதான். பறவையை மட்டும் வரையாதீர்கள், அது எதில் நிற்கிறதோ, எதைத் தின்கிறதோ, எங்கே முட்டையிடுகிறதோ அதை வரையுங்கள். வாழிடத்தைத்தான் காப்பாற்றச் சொல்கிறோம் என்றால் சுவரில் பாதிக்கு மேல் வாழிடம் இருக்க வேண்டும்.

நீளவால் இலைக்கோழியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவருக்கென்றே பிறந்த பறவை, இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கரும்பழுப்பு உடம்பு, வெள்ளை முகம், கழுத்தின் பின்னால் பொன்மஞ்சள், நீண்டு வளைந்த கறுப்பு வால். கால்விரல்கள் நம்ப முடியாத நீளம், அல்லி இலை மேல் எடையைப் பரப்பி நடப்பதற்காக. பெண் முட்டையிட்டுவிட்டு வேறு துணையைத் தேடிப் போய்விடும், மிதக்கும் இலைகள் மேல் நான்கு முட்டையையும் அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது அப்பாதான். இதைச் சொன்னால் பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள், அம்மாக்கள் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்! இந்தக் கதையைச் சுவரில் சொல்லிவிட்டால், "ஏரியைச் சுத்தம் செய்கிறோம்" என்று மிதக்கும் செடி அத்தனையையும் யாராவது வார வரும்போது, அங்கே ஒரு அப்பா உட்கார்ந்திருக்கிறாரா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஆகாயத்தாமரை மூடிக்கிடந்தால் எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அல்லியும் கோரையும் சம்பும் அதோடு சேர்ந்து போகக்கூடாது. இந்த வித்தியாசம் ஊருக்குத் தெரிவதற்குச் சுவரைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டாவது, அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரிகிற உயிரை மட்டும் வரையுங்கள். புலி, யானை, வரையாடு எல்லாம் எனக்கும் பிடிக்கும், ஆனால் சமவெளி ஏரிக்கரையில் வரையாடு வரைந்தால் வனவிலங்கு என்பது எங்கோ மலையில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். பின்னால் திரும்பினால் நிற்கிற மடையானை, உண்ணிக்கொக்கை, பவளக்காலியை, நத்தைகுத்தி நாரையை வரையுங்கள். குறைந்தது ஒரு வருடம், முடியாவிட்டால் மழைக்காலத்தில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையுமாவது அந்த ஏரியைப் பார்த்துக் குறித்துவைத்துவிட்டு வரையுங்கள். பறவை நோக்குபவர் ஒருவர் உங்கள் பகுதியில் கட்டாயம் இருப்பார், அவரைக் கூப்பிட்டால் ஓடி வருவார்.

ஏரியைப் பிழைப்புக்காகப் பயன்படுத்துகிறவர்களையும் கூப்பிடுங்கள், மீன் பிடிக்கிறவர், மாடு மேய்க்கிறவர், கோரை அறுக்கிறவர். குடியிருப்போர் சங்கங்கள் வழக்கமாகத் தவறவிடுவது இவர்களைத்தான். இன்னொரு ஊரில் நாங்கள் பாம்புத்தாரா வரைந்துகொண்டிருந்தபோது, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, மீனை அலகுல கவ்வியிருக்க மாதிரி போட்டிருக்கியே, அது கவ்வாது, குத்தும். குத்திட்டு மேல வந்து தூக்கிப்போட்டு முழுங்கும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி, பாம்புத்தாரா கூரான அலகால் மீனை ஈட்டி மாதிரி குத்தித்தான் பிடிக்கும். புத்தகத்தில் படித்திருந்தும் கைக்கு அது வரவில்லை. அவரையே நிற்கவைத்து, கையால் அந்தக் கழுத்து வளைவைக் காட்டச் சொல்லித் திருத்தினோம். அதற்கப்புறம் அந்தச் சுவர் அவருடைய சுவர் ஆகிவிட்டது, போஸ்டர் ஒட்ட வந்தவர்களை அவரே விரட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது, ஒரு சுவருக்கு ஒரு வேண்டுகோள் போதும். "இயற்கையைக் காப்போம்" என்று எழுதினால் அதைப் படித்துவிட்டு நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. கடற்கரைக் குப்பங்களில் ஆமை வரைகிறார்கள் இல்லையா, அதில் இது நன்றாகப் புரியும். பங்குனி ஆமைகள் சென்னைக் கடற்கரையில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிட வருகின்றன, ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். வெளிவந்த குஞ்சு வெளிச்சமான திசையைப் பார்த்து நகரும். விளக்கே இல்லாத காலத்தில் அது கடலாக இருந்தது, இப்போது தெருவிளக்காக இருக்கிறது. அப்படியானால் கடற்கரைச் சாலையில் இருக்கிற சுவர் சொல்ல வேண்டியது "ஆமைகளை நேசியுங்கள்" என்று இல்லை, "ஜனவரி முதல் கடைசிக் குஞ்சு கடலுக்குப் போகும்வரை மொட்டைமாடி விளக்கை அணையுங்கள்" என்பதுதான். 1988-லிருந்து மாணவர்கள் ஆமை பாதுகாப்பு அமைப்பினர் அந்தக் கரையில் இரவு இரவாக நடந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு வீட்டுக்காரர் விளக்கை அணைத்தால் அவர்களுக்கு அது நேரடி உதவி. ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின, அதற்கு மாடி விளக்கு காரணம் இல்லை. இழுவலையில் மாட்டிய ஆமை மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகிறது. அந்தப் பிரச்சினைக்குச் சுவர் படம் மருந்து ஆகாது, வலையில் ஆமை தப்பிக்கிற பொறியும் கரையோரத்தில் இழுவலை போடக்கூடாது என்கிற தடையை ஒழுங்காக அமல்படுத்துவதும்தான் வேண்டும். எதைச் சுவரிடம் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் ஏரியில் பெரிய பிரச்சினை எது என்று நீங்கள் சொல்லவில்லை. கட்டட இடிபாடு கொட்டுவதாக இருந்தால் ஒரு யோசனை சொல்கிறேன், எங்களுக்கு ரொம்ப நன்றாக வேலை செய்தது இதுதான். கோடையில் ஏரி வற்றியதும் அது சும்மா கிடக்கிற தரிசு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், லாரியில் மண்ணும் செங்கல் துண்டும் அப்போதுதான் வருகின்றன. அதே கோடையில்தான் சிவப்பு மூக்கு ஆள்காட்டி அந்த வெறும் தரையில் முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் கட்டாது, லேசான பள்ளம், சுற்றிச் சில கூழாங்கல், நடுவில் நான்கு முட்டை, முனைகள் உள்பக்கம் பார்த்தபடி. மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை, ஓரடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குப் படாது. நாங்கள் என்ன செய்தோம் என்றால், சுவரின் மேல்பகுதி முழுக்க வறண்ட ஏரித்தரையை மட்டும் வரைந்து, ஆள்காட்டி ஒன்றைப் பறந்து கத்துகிற மாதிரி போட்டுவிட்டு, சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குள், கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டையை அதே அளவில், ஒன்றரை அங்குல நீளத்தில், வரைந்து வைத்தோம். எழுத்து எதுவும் இல்லை. முதல் நாளே ஒரு சிறுமி குந்தி உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்துவிட்டாள், அதற்கப்புறம் யார் வந்தாலும் "முட்டை எங்க இருக்கு, கண்டுபிடி" என்று அந்தத் தெருப் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கோடையில் ஏரிக்குள் கிரிக்கெட் ஆடப் போனவர்கள் கல் அடையாளம் வைத்து ஒரு மூலையை விட்டுவிட்டு ஆடினார்கள். லாரி வந்தபோது முதலில் கத்தியதும் அந்தப் பையன்கள்தான், எங்கள் சங்கத்துக்குத் தகவலே அப்புறம்தான் வந்தது.

பெரியவர்களுக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும், வெள்ளத்தைக் கொண்டு சொல்லுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, இப்போது அந்தப் பட்டியலில் உள்ள பரப்பு 1,247 எக்டேருக்குக் கொஞ்சம் மேல், ஒரு காலத்தில் இதுபோலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் தின்றதுபோக மீதிதான் இது. தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழிகிற தண்ணீர் அங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்கிற நீர்வழி வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலைச் சேர்கிறது. தங்குவதற்கு இடம் சுருங்கினால் தண்ணீர் வீட்டுக்குள் தங்கும், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தச் சுற்றுவட்டாரம் அதைப் பார்த்தது. உங்கள் தெருவிலும் தண்ணீர் வந்திருந்தால், எவ்வளவு உயரம் வந்ததோ அந்த மட்டத்தில் சுவர் முழுக்க ஒரு கோடு இழுங்கள், கோட்டுக்குக் கீழே கோரைக்குள் நீந்துகிற நாமக்கோழி, குறவை மீன், தவளை, மேலே பறக்கிற வாத்துகள். கோட்டின் மேல் வருடத்தை மட்டும் எழுதினால் போதும். அந்தத் தெருக்காரருக்கு அந்தக் கோடு சொல்வதை எந்த வாசகமும் சொல்லாது.

பள்ளிக்கரணையின் அந்த மடுவுக்குப் பக்கத்தில்தான் கண்ணகி நகர் இருக்கிறது. நகரின் பல இடங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம், அங்கே 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன, பலவற்றில் மனித முகங்கள். ஊர் பேரைச் சொன்னாலே முகம் சுளித்தவர்கள் ஓவியம் பார்ப்பதற்கென்று அங்கே போனார்கள், அது சின்ன விஷயம் இல்லை. வெளிநாட்டில் எனக்கு மனதுக்குப் பிடித்த வேலை நியூயார்க்கில் நடந்தது, பறவை ஓவியர் ஆடுபான் கடைசிக் காலத்தில் வாழ்ந்த மேல் மன்ஹாட்டன் பகுதியில் 2014-லிருந்து பருவநிலை மாற்றத்தால் ஆபத்தில் இருக்கிற பறவைகளைச் சுவர்களிலும் கடை ஷட்டர்களிலும் வரைந்து வருகிறார்கள். ஷட்டரில் வரைந்த பறவை கடை மூடிய பிறகுதான் தெரியும், காலை நடைக்குப் போகிறவர்களுக்கென்றே இருக்கிற மாதிரி. ஏரிக்கரைத் தெருவில் பெட்டிக்கடை, மளிகைக்கடை ஷட்டர் இருந்தால் நீங்களும் கேட்டுப் பார்க்கலாம், கடைக்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

இனி வேலை விவரம். சுவர் யாருடையது, ஏரி யாருடையது என்று முதலில் கேட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஏரி நீர்வளத்துறையிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும், சுவர் வேறொருவருடையதாக இருக்கலாம். பொது இடத்தில் பார்வைக்குப் படுகிற இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது, நல்ல நோக்கம் என்பதற்காக அனுமதி இல்லாமல் இறங்க வேண்டாம். புதிதாகப் பூசிய சுவரென்றால் குறைந்தது ஒரு மாதம் ஆறவிடுங்கள். ஏரிக்கரைச் சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறும், உப்புப் பூத்து முதல் இரண்டு அடி வண்ணம் உரிந்து விழும், அதனால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, ஓதம் தாங்குகிற பிரைமர் அடித்துவிட்டுத்தான் எமல்ஷன். மேற்கு பார்த்த சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும், காவி, செம்மண், பழுப்பு மாதிரியான ஆக்சைடு வண்ணங்கள் பல வருடம் நிற்கும், நல்லவேளையாக நம் நீர்ப்பறவைகள் முக்கால்வாசி அந்த நிறங்கள்தான். பிள்ளைகள் கை வைப்பார்கள் என்பதால் ஈயம் சேராத, தண்ணீர் கலந்து அடிக்கிற வண்ணம் மட்டும் வாங்குங்கள். பிரஷ் கழுவிய தண்ணீரை ஏரியில் ஊற்றக்கூடாது என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், ஆர்வத்தில் வருகிற பிள்ளைகள் நேரே தண்ணீருக்குத்தான் ஓடுவார்கள்.

காலத்தையும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் வரைய முடியாது, மழை விட்டதும் தொடங்கலாம் என்று தோன்றும், ஆனால் சுவரை ஒட்டிய கருவேல மரத்திலோ கடம்ப மரத்திலோ கொக்கும் நாரையும் கூடு வைத்திருந்தால் அந்த நேரத்தில் ஏணியும் கூட்டமும் அங்கே வேண்டாம், குஞ்சுகள் பறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஓவியம் தெரிய வேண்டும் என்று ஃபோகஸ் விளக்கு போடச் சிலர் கேட்பார்கள், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். மரத்தின் மேல் வரையச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். பாறையில் வரையவே கூடாது, நம் குன்றுகளில் எத்தனை இடத்தில் சமணர் படுக்கையும் பழைய ஓவியமும் பெயின்ட் கிறுக்கலில் போய்விட்டன என்று பார்த்தால் வயிறு எரியும்.

ஊர்க்காரர்கள் ஏற்கெனவே செய்கிற நல்லதையும் சுவரில் போடலாம், நான் இதைத்தான் அதிகம் விரும்புகிறேன். வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த விவசாயிகள் பல தலைமுறையாகக் காத்துவந்ததால்தான் அது இன்றைக்கும் சரணாலயமாக இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அவர்கள் யாரும் சுவர் ஓவியம் பார்த்து அதைத் தொடங்கவில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஏதாவது இருக்கும், நாரைகள் கூடு கட்டுகிற புளியமரத்தை வெட்டாமல் விட்ட ஒரு வீடு, வலையில் மாட்டிய தாராவை எடுத்துவிடுகிற ஒரு மீன்காரர். விசாரித்து, சம்மதம் கேட்டு, அவர்களை வரையுங்கள். பக்கத்து வீட்டு மரம் சுவரில் இருக்கும்போது அடுத்த வீட்டுக்காரரும் தன் மரத்தில் கோடரி வைக்கத் தயங்குவார்.

கடைசியாக ஒன்று, சுவரை முழுக்க நிரப்பாதீர்கள். ஆள்காட்டி முட்டை வரைந்த அந்தச் சுவரின் வலது ஓரத்தில் நான்கு அடி அகலத்துக்குக் கரும்பலகைப் பெயின்ட் அடித்து விட்டிருக்கிறோம். வாரம் ஒரு நாள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எண்ணிவிட்டு வந்து சாக்பீஸில் எழுதுகிறார்கள், மழையில் அழிந்தால் அடுத்த வாரம் மறுபடி. போன மழைக்காலத்தில் நான் போனபோது கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: "முக்குளிப்பான் 11, நாமக்கோழி 40க்கு மேல, ஊசிவால் வாத்து 6 (புதுசு!), இலைக்கோழி 2, குஞ்சு தெரியல, அடுத்த வாரம் பாக்கணும்."